ஹேமநாத் வார்த்த ஈய மீன்கள்

எக்ஸ்-ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்த டாக்டரம்மா, தூக்கிய கையை இறக்கவே இல்லை. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தங்கை மகள் நர்மதாவின் விலா எலும்புகளுக்குக் கீழே ஒரு மீன் தெரிந்தது. தின்ற மீனின் முள் அல்ல. வாயும் வாலும், கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டையுமாக, வெள்ளை வெளேரென்று முழு மீன்.

"குழந்தை எதையோ முழுங்கியிருக்கு. ஏதாவது பொம்மையா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எங்கூட்ல இந்த மாதிரி பொம்மையே கெடையாது மேடம்" என்றாள் என் தங்கை பிரேமா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கை, மடியில் கிடந்த குழந்தையின் இடுப்பைத் தடவியது. அரைஞாண் கயிறு மட்டும் இருந்தது. அதில் தொங்க வேண்டியது இல்லை. பிரேமாவின் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன்.

கதவோரம் நின்றிருந்த அவள் புருஷன் ஹேமநாத், கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனிச் சட்டையோடு நேரே வந்திருந்தான். அவன் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான், அது பொம்ம இல்ல. நம்ம மீனு. நான் வாத்தது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் பேர். அன்று கோபம்கூட வரவில்லை. ஒரு மாதமாக அந்தப் பிள்ளை சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. நடந்துகொண்டிருந்த பிள்ளை தூக்கு தூக்கு என்று கையை நீட்ட ஆரம்பித்தது. 'மாமா' என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் வெறுமனே பார்த்தாள். பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள், ரத்தம் இல்லை என்று டானிக் கொடுத்தார்கள், கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கடைசியில் நான்தான் சத்தம் போட்டு, தாயையும் பிள்ளையையும் திருநின்றவூரில் என் வீட்டுக்கு வரச்சொல்லி, எனக்குத் தெரிந்த இந்த டாக்டரம்மாவிடம் திருவள்ளூருக்கு அழைத்து வந்தேன். அங்கே கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். ஊரில் எந்த டாக்டர் பொறுமையாகப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும்.

அந்த மீன் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், என் தங்கை புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஹேமநாத் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவன். அவன் அப்பா தணிகாசலம் ஏரியில் மடவையும் இறாலும் பிடித்து வீட்டை நடத்தியவர். பிள்ளைக்குத் தோணியில் ஏறினால் குமட்டும். கடலில்கூட இல்லை, இடுப்பளவு தண்ணீர் நிற்கும் ஏரியில்! கல்யாணம் பேசும்போது இதை என்னிடம் சொன்னதே அந்தக் குப்பத்துக்காரர்கள்தான். "மீன்காரப் புள்ளைக்குத் தண்ணி ஆவாதுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் வருஷக்கணக்கில் அதைச் சொல்லியே அவனை ஓட்டியிருக்கிறேன். மச்சானுக்கு அந்த உரிமைகூட இல்லாவிட்டால் எதற்கு மச்சான்?

தண்ணீர் ஆகாத பையனை ஐ.டி.ஐ.யில் சேர்த்தார்கள். படித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு அழுத்தும் பிரெஸ் ஷாப் ஒன்றில் வேலைக்குப் போனான். மெஷினில் போடாமல் டூல் ரூமில் போட்டார்கள். அங்கே சுவரில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தையே பெயின்டால் வரைந்து, ஆணியடித்து மாட்டி வைத்திருப்பார்கள். ஒரு ஸ்பானர் இல்லையென்றால் அதன் வெற்று உருவம் சுவரில் தெரியும். அதைப் பார்த்த நாளிலிருந்து பயலுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வீட்டில் கரண்டிக்குக்கூட உருவம் வரைந்து மாட்டினான். பிரேமா எனக்குப் போன் போட்டு, "அண்ணா, உன் மாப்ள ஊட்ட ஒர்க்‌ஷாப் பண்ணிக்கினு கீறாரு, வந்து இன்னான்னு கேளு" என்று புலம்பினாள்.

அந்தப் பித்து அவன் குப்பத்துக்குப் பயன்பட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குப்பத்துக்காரர்கள் தூண்டில் முள் வேண்டுமானாலும் அதைக் கட்டும் நைலான் நரம்பு வேண்டுமானாலும் வேலையைப் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். அங்கே எல்லா அளவு முள்ளும் ஒரே டப்பாவில் கிடக்கும். கையை விட்டால் கொத்தாகக் கொக்கி மாட்டிக்கொண்டு வரும், பாதி துருப்பிடித்திருக்கும். ஹேமநாத் தன் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியின் பின்னால் ஒரு தகரப் பெட்டி கட்டினான். வார விடுமுறை வந்தால் குப்பம் குப்பமாகப் போனான். தோணியில் ஏற முடியாதவன், தோணிக்குப் போகும் சாமான் அத்தனையையும் தன் வண்டியில் ஏற்றினான்.

அந்தப் பெட்டியைத் திறந்தால் நான்கூட வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். பழைய ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி இழுப்பறைகளில் ஒட்டி, அதில் தூண்டில் முட்களை வரிசையாகக் குத்தி வைத்திருப்பான். கெளுத்திக்குச் சின்ன முள் முன்னால், கொடுவாவுக்குப் பெரிய முள் பின்னால். ஒரு முள் இன்னொன்றைத் தொடாது. நரம்பு உருளைகள் தடிமன் வாரியாக ஒரு கம்பியில் கோத்திருக்கும், இழுத்து அறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மிதப்புக் கட்டைகள் லேசு என்பதால் மேலே. ஈயக் குண்டுகள் கனம் என்பதால் அடித்தட்டில், இரண்டு பக்கமும் சமமாக. "ஒரு பக்கம் கனம் சாஞ்சா வண்டி கரையில கவுந்துடும் மச்சான். சாமான் வாங்கறது பெருசில்ல, சொமக்கறதுலதான் கீது" என்று எனக்கே பாடம் எடுப்பான்.

ஆளைப் பேர் சொல்லி நினைவு வைத்துக்கொள்ள மாட்டான், அவர் வாங்கும் சாமானைச் சொல்லித்தான் நினைவு வைத்திருப்பான். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனபோதுகூட, "இந்த ஊட்ல பெரிய முள்ளு, ரெட்ட நரம்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஈயக் குண்டுகளை மட்டும் அவன் கடையில் வாங்கியதில்லை. காயலான் கடையில் ஈயம் வாங்கி வந்து, தன் வாடகை வீட்டுக் கொல்லையில் பழைய இரும்புச் சட்டியில் உருக்கி வார்த்துக்கொள்வான். மாக்கல்லைச் செதுக்கி அச்சு அவனே செய்திருந்தான். நீள் உருண்டை, தட்டை, சங்கிலி மணி என்று தினுசு தினுசாக வார்ப்பான்.

அவன் குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் அரைஞாண் கயிறு கட்டும்போது, அதில் வலைக்குண்டு ஒன்றைக் கோத்துக் கட்டுவார்கள். நீரோட்டம் வலையை அடித்துக்கொண்டு போகாமல் குண்டு பிடித்து நிறுத்துகிறதல்லவா, அதுபோலப் பிள்ளையையும் எதுவும் அடித்துக்கொண்டு போகக்கூடாது என்று வேண்டுதல். கட்டியது சுட்ட களிமண் குண்டு. வலைகளில் மண் குண்டு போய் ஈயம் வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும், பிள்ளைகளின் இடுப்பில் மட்டும் மண் குண்டு தொடர்ந்தது. யாரும் காரணம் யோசித்துத் தொடரவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

மாரியப்பன் என்பவர் வீட்டில் பேரன் பிறந்தபோது அந்த மண் குண்டு கட்டுகிற நேரத்தில் கைநழுவி உடைந்தது. எல்லாரும் அபசகுனம் என்று பதற, சாமான் கொடுக்கப் போயிருந்த ஹேமநாத், "பேஜார் ஆவாத மாமா, ஒடையாத குண்டு நான் செஞ்சு தரேன்" என்றான். வீட்டுக்கு வந்து மாக்கல்லில் ஒரு குட்டி மீனைச் செதுக்கினான். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. கண் இருக்கிற இடத்தில் கயிறு கோக்க ஓட்டை. ஈயத்தை ஊற்றி வார்த்து, சாம்பலும் துணியுமாகத் தேய்த்து வெள்ளிபோல் மினுக்கிக் கொண்டுபோய்க் கட்டினான். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அன்றிலிருந்து அவன் பெட்டியின் மேல்தட்டில், பஞ்சு விரித்த ஒரு சின்ன டப்பா நிரந்தரமாக இருந்தது. வாடிக்கைக்காரர் வீட்டில் பிள்ளை பிறந்தால் டப்பாவைத் திறந்து ஒரு மீனை எடுத்து, அவனே போய்க் கட்டிவிட்டு வருவான். காசு வாங்கியதில்லை. தன் மகளுக்கு இருப்பதிலேயே அழகான மீனைப் பொறுக்கிக் கட்டினான். நானும்தான் அந்த விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தேன்.

அந்த மீன்தான் எக்ஸ்-ரேயில் தெரிந்தது. கோத்திருந்த இடத்தில் நூல் நைந்து மீன் கழன்றதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. குளிப்பாட்டும்போது காணோம் என்று பிரேமா சொன்னதற்கு, "எங்கனா உழுந்திருக்கும், வேற ஒண்ணு கட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவன் ஷிஃப்டுக்குப் போய்விட்டான்.

எல்லாவற்றையும் கேட்ட டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"ஈயம் வயித்து அமிலத்துல கரைஞ்சு ரத்தத்துல கலக்கும். ரத்தம் ஊற விடாது. நரம்பைப் பிடிக்கும், குழந்தைங்களுக்கு மூளையையும் பாதிக்கும். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீங்க, நான் லெட்டர் தரேன், சென்னைக்குக் கொண்டு போங்க. அதை உடனே வெளிய எடுக்கணும்."

எழுதிக்கொண்டே நிமிர்ந்து அவர் கேட்டார்: "முழுங்கினாத்தான்னு இல்ல, வாயில வச்சுச் சப்பினாலும் ஆபத்துதான். இதே மாதிரி வேற குழந்தைங்க யார்கிட்டயாவது இருக்கா?"

பிரேமா மெதுவாகத் தலையைத் திருப்பி ஹேமநாத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்னைப் பார்த்த பார்வையாக இருந்திருந்தால் நான் அந்த இடத்திலேயே செத்திருப்பேன்.

சென்னையில் வாய் வழியாகக் குழாய் விட்டு அதை எடுத்தார்கள். எடுத்ததை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்கள். வெள்ளிபோல் மினுக்கிய மீன் கருத்து, அம்மைத் தழும்பு விழுந்த மூஞ்சிபோலக் குழி குழியாக இருந்தது. அந்தக் குழிகளில் இருந்ததெல்லாம் பிள்ளையின் ரத்தத்துக்குள் போயிருக்கிறது. ரத்தப் பரிசோதனை வந்தது. அளவைப் பார்த்த டாக்டர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈயத்தை ரத்தத்திலிருந்து பிரித்து வெளியேற்ற மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். பேச்சும் புத்தியும் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, வளர வளரத்தான் தெரியும் என்றார்கள்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஹேமநாத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிரேமா உள்ளேயிருந்து வந்தாள். அழுது முடித்த முகம்.

"இங்க இன்னா பண்ணிக்கினு கீற நீ?"

"பாப்பா கூட..."

"பாப்பா கூட நான் கீறேன். டாக்டர் கீறாங்க. அங்க எத்தினி புள்ளைங்க இடுப்புல கட்டிட்டு வந்துக்கீற? அதுங்க கூட யாரு கீறாங்க?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "சொன்னா என்ன வெட்டிப் போட்டுடுவாங்க பிரேமா. எங்க நைனா அந்த ஊர்லதான் கீறாரு. அவரு எப்பிடி வெளிய தல காட்டுவாரு?"

"வெட்டட்டும்" என்றாள் பிரேமா. என் தங்கை அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

போனில் சொல்லிவிடலாமே என்றேன் நான். ஹேமநாத் தலையாட்டினான். "போன்ல சொன்னா சிரிப்பாங்க மச்சான், கழட்ட மாட்டாங்க. நான் கட்டினது. நான்தான் போய்க் கழட்டணும்." பிறகு தயங்கி, "நீ கூட வரியா?" என்றான். வராமல் என்ன செய்வேன்? கடையைத் திறக்காமல் போட்டுவிட்டு அவனோடு போனேன்.

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டி வீட்டில் அவன் வண்டிப் பெட்டியைக் காலி செய்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு இழுப்பறையாகப் பார்த்துப் பார்த்து அடுக்கியவன், அடித்தட்டைப் பிடித்து அப்படியே ஒரு சாக்கில் கவிழ்த்தான். குண்டுகள் கொட்டின சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சட்டியையும் அச்சையும் அதே சாக்கில் போட்டுக் கட்டினான். முள்ளையும் நரம்பையும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டு, பெட்டியில் மேல்தட்டு டப்பாவை மட்டும் விட்டான். அதில் மிச்சம் இருந்த மீன்களையும் எடுத்துவிட்டு, வெறும் டப்பாவை வைத்தான். எக்ஸ்-ரே படத்தை நரம்பு உருளைகள் இருந்த இடத்தில் செருகினான்.

வண்டி ஏரிக்கரைச் சாலையில் போனது. பெட்டிக்கு முன்னால் அவன் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். எந்தெந்த வீடு என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"பெரிய முள்ளு ரெட்ட நரம்பு, ஒண்ணு. இறால் வலக் குண்டு, அந்த ஊட்ல ரெண்டு புள்ளைங்க. கெளுத்தி முள்ளு, அவங்க பொண்ணு பிரசவத்துக்கு வந்தப்ப..." என்று சொல்லிக்கொண்டே போனான். சாமானைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். முன்பு சிரித்த அதே பேச்சுதான். போதும்டா என்று சொல்லிவிட்டேன்.

முதலில் மாரியப்பன் வீடு. அவர் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாடா ஏமநாதா. முள்ளு தீந்து போச்சு, நேத்தே எதிர்பார்த்தேன்" என்றார்.

ஹேமநாத் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்றபடியே சொன்னான். தன் பிள்ளையின் வயிற்றில் என்ன இருந்தது, அது என்ன செய்தது, எல்லாவற்றையும். மாரியப்பன் முதலில் நம்பவில்லை.

"இன்னாடா உளர்ற? ஈயம் வலயில கட்டறதுதானே? எத்தினி வருசமா தண்ணியில கெடக்குது, மீனா செத்துப் போச்சு?"

ஹேமநாத் எக்ஸ்-ரேயை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தான். அந்தப் படத்துக்குத் தனியாக விளக்கம் தேவைப்படவில்லை. விலா எலும்பும் முதுகெலும்பும் மீனும் யாருக்கும் புரியும். பேச்சுக் கேட்டுக் கூடிவிட்ட பெண்களில் ஒருத்தி "அய்யோ" என்று கத்தினாள். மாரியப்பன் எழுந்து வந்து, படத்தை ஒரு முறையும் ஹேமநாத்தை ஒரு முறையும் பார்த்துவிட்டு, ஓங்கிக் கன்னத்தில் அறைந்தார். அந்தச் சத்தத்தில் நான் ஓரடி பின்வாங்கினேன்.

"எம் பேரனுக்கு வெசத்தையாடா கட்டிட்டுப் போன?"

ஹேமநாத் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. "ஆமா மாமா" என்றான். "கூட்டிக்கினு வா. நானே கழட்டறேன். அப்பறம் ரத்தம் பாக்கணும், இட்டுக்கினு போணும்."

மாரியப்பன் அவனைக் கழற்ற விடவில்லை. தானே பேரனைத் தூக்கி வந்து, கத்தியால் கயிற்றை அறுத்து மீனை மண்ணில் எறிந்தார். ஹேமநாத் குனிந்து பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டான்.

செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியது. அடுத்த வீடுகளில் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். சிலர் திட்டினார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். என் சட்டையிலும்தான் விழுந்தது, வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோபக்காரனான நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்று ஒரு நாள்தான். சிலர் அழுதுகொண்டே, "எம் புள்ள சப்பவே மாட்டான், ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று அவனிடமே கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் எங்கே கொண்டுபோய் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொன்னான். அவன் அப்பா தணிகாசலம் தெருமுனையில் துண்டைத் தோளில் போட்டபடி நின்று எல்லாவற்றையும் பார்த்தார். மகன் அருகில் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டார்.

கடைசி வீடு குப்பத்தின் கோடியில், ஏரியை ஒட்டித் தனியாக இருந்தது; செய்தி அதுவரை எட்டவில்லை. டப்பாவில் மீன்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்க, வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம். அந்த வீட்டு ஆண்பிள்ளை ஏரிக்குப் போயிருந்தான். வாசலில் கங்கம்மாள் என்கிற அந்த வீட்டுப் பெரியம்மா இறாலைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். மருமகள் ஜோதிலட்சுமி குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பையன் அன்புராஜ் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றான். நாலு வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் 'ங்ங்' என்று ஒரு சத்தம் எழுப்பினான். வாயில் ஏதோ இருந்தது. அரைஞாணில் முடிந்த நீளக் கயிறு ஒன்று இடுப்பிலிருந்து வாய்வரை இழுபட்டு நின்றது.

அவன் வாயில் இருந்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஹேமநாத் ஓடிப்போய்ப் பையனின் வாயிலிருந்து அதை வெடுக்கென்று பிடுங்கினான். பையன் வீரிட்டான்.

"இன்னாண்ணா பண்ற?" என்று ஜோதிலட்சுமி எழுந்தாள்.

ஹேமநாத் உள்ளங்கையில் வைத்து அந்த மீனைக் காட்டினான். அதற்கு வால் இல்லை. முதுகும் தேய்ந்து, பாதிதான் மிச்சம் இருந்தது.

"எப்பவும் அத்தத்தாண்ணா வாயில வச்சுக்கினு கெடப்பான்" என்றாள் அவள். "எடுத்தா அழுவான். சரி, உட்டுட்டேன். வாலு தேஞ்சு போச்சு."

காலையிலிருந்து அத்தனை வீட்டிலும் சொன்னவன் இங்கே சொல்லத் தெரியாமல் நின்றான். நான் அவன் முதுகில் கை வைத்தேன். பிறகு சொன்னான்.

"இது ஈயம்மா. வெசம். ஒடம்புல ஏறினா சின்னப் புள்ளைங்களுக்கு மூளைய மந்தமாக்கிடுமாம், பேச்சு வராதாம், டாக்டர் சொல்றாங்க. எம் பொண்ணுக்கும் இதான். உம் புள்ளைக்கு இன்னும் பேச்சு வராம கெடக்கறது... இதனாலதானான்னு ரத்தம் பாத்தாத்தான் சொல்ல முடியும். ஆனா இதனால இருக்கலாம். நான்தான் குடுத்தேன். நான்தான் கட்டினேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழும் என்று நானும் எதிர்பார்த்தேன். கையில் இருந்த சட்டியையே எடுத்து அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தடுக்கக்கூடாது என்றும் தோன்றியது.

அடி விழவில்லை. ஜோதிலட்சுமி சாம்பல் கையோடு அப்படியே நின்றாள்.

"அப்ப கெரகணம் இல்லியாண்ணா?"

எனக்குப் புரியவில்லை. அவள் எங்களைப் பார்க்காமல், கீழே தண்ணீரைப் பார்த்தபடி பேசினாள்.

"இவன் வயித்துல கீறப்ப, கெரகணத்தன்னிக்கு நான் வெளிய வந்து மீன் அரிஞ்சுட்டேன். தெரியாமத்தான் வந்தேன். வயித்துல கீற புள்ள நாக்க அறுத்துட்டேன்னு... இவனுக்குப் பேச்சு வரலன்னு தெரிஞ்சதுலேந்து இந்த ஊட்ல அதாண்ணா பேச்சு. ஒரு வா சோறு போடறதுக்கு முன்னால அதச் சொல்லித்தான் போடுவாங்க. எம் புருசனும் நம்பிட்டாரு. நானும் நம்பிட்டேன். இந்தக் கையாலதான் எம் புள்ள நாக்க அறுத்தேன்னு நெனச்சுக்கினு கீறேன்."

வாசலில் இறால் கிள்ளுகிற சத்தம் நின்றிருந்தது. கங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

பையன் இன்னும் அழுதுகொண்டிருந்தான். ஜோதிலட்சுமி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையால், தன் பிள்ளைக்கு விஷம் கட்டியவனின் கையைப் பிடித்து, மாமியார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவன் தடுமாறிக்கொண்டே பின்னால் போனான்.

"இன்னொரு தபா சொல்லுண்ணா" என்றாள். "அத்தைக்குக் கேக்கற மாதிரி சத்தமா சொல்லு."

ஹேமநாத் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அந்த அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குரலை உயர்த்தி, "நான்தான் பெரிம்மா" என்று முதலிலிருந்து ஆரம்பித்தான்.